டாக்டர் திட்டவில்லை

டாக்டர் அங்கயற்கண்ணியை ஜெசிந்தா நேரில் பார்த்தது கிடையாது. ஆனால் அவருடைய வசவுகள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். "முக்கச் சொன்னா ஏம்மா மூஞ்சியச் சுளிக்கிற?" என்பது அவற்றில் சாதுவானது. "பத்து மாசம் சுமந்தவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்க முடியலையா?" என்பது நடுத்தரம். மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. அதை அச்சில் ஏற்ற முடியாது. கருங்காட்டுப்பட்டி அரசு மருத்துவமனையின் பிரசவ அறையில் டாக்டர் வாயைத் திறந்தால், திருச்சியில் ஏழாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் ஜெசிந்தா ஹெட்போனில் சத்தத்தைக் குறைத்துக்கொள்வாள்.

ஜெசிந்தா ஒரு மெடிக்கல் கோடர். இந்த வேலை முன்பெல்லாம் எப்படி இருந்தது என்று அவளுடைய டீம் லீடர் முபாரக் ஆளுக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவார்.

"அப்பல்லாம் பேஷன்ட் வீட்டுக்குப் போனப்புறம்தாம்மா நமக்கு வேலையே ஆரம்பிக்கும். கேஸ் ஷீட்டைப் படிச்சு, இன்ன நோய், இன்ன வைத்தியம்னு நாலு எழுத்து நாலு நம்பர் போட்டு இன்ஷூரன்ஸுக்கு அனுப்பிடுவோம். பொழைச்சாங்களா போனாங்களான்னு நமக்கு ஒரு கவலையும் கிடையாது. டீ குடிச்சுக்கிட்டே போடுவோம்."

"இப்ப மட்டும் குடிக்கலையா சார்?"

"குடிக்கிறேன். இறங்க மாட்டேங்குது."

இறங்காததற்குக் காரணம் கிளி. அரசாங்கம் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தது. சொன்னதை அப்படியே எழுதுவதால் எல்லோருக்கும் அது கிளிதான். ஒவ்வொரு பிரசவ அறையிலும் கூரையிலிருந்து தொங்கும். டாக்டரும் நர்சும் பேசுவதைக் கேட்டுக் கேஸ் ஷீட்டைத் தானே எழுதும், குறியீட்டையும் தானே போடும். கடைசியில் போட்டுக்கொண்டிருந்த குறியீட்டை முதலிலேயே போட்டால் என்ன என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்ததன் விளைவு இது. சிவப்புக் குறியீடு விழுந்தால் போதும். ரத்தம், மருந்து, மயக்க மருந்து டாக்டர், தீவிர சிகிச்சைக் குழு எல்லாம் ஏற்றிக்கொண்டு மாவட்டத்தின் வான்வண்டி அந்த நொடியே கிளம்பிவிடும். யாருக்கும் போன் போட வேண்டாம், கெஞ்ச வேண்டாம், கையெழுத்துக்கு அலைய வேண்டாம். பிரசவத்தில் சாகும் பெண்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது. குறை சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. பிரசவ அறைகளின் சுவரிலிருந்து டெலிபோனைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் காலண்டர் மாட்டிக்கொண்டார்கள்.

கிளி போட்ட குறியீடு பதிவோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் ஜெசிந்தாவின் வேலை. அதற்கு இரண்டு சட்டங்கள். பதிவில் எழுதாதது எதுவும் நடக்காதது, இது ஒன்று. சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேட்கலாம், ஆனால் பதிலைக் கேள்வியிலேயே வைத்து ஊட்டிவிடக் கூடாது, இது இரண்டு. "தாய்க்கு என்ன?" என்று கேட்கலாம். "தாய்க்கு இதுதானே?" என்று கேட்டால் லைசென்ஸ் போய்விடும்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரம். செவ்வந்தி என்ற பெண்ணின் பதிவு ஜெசிந்தாவின் திரையில் காலையிலிருந்தே இருந்தது. முதல் பிரசவம், எந்தச் சிக்கலும் இல்லை. டாக்டர் வழக்கம்போல ஆரம்பித்து, சாதுவானதிலிருந்து நடுத்தரத்துக்கு ஏறி, மூன்றாவது ரகத்தை எட்டியபோது குழந்தை வெளியே வந்து வீறிட்டது. 'சுகப்பிரசவம். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்' என்று கிளி எழுதிக் குறியீட்டையும் போட்டது. ஒத்துக்கொள்கிறேன் என்று ஒரு விசையைத் தட்டிவிட்டால் ஜெசிந்தா சாப்பிடப் போகலாம். விரலைக்கூடக் கொண்டுபோய்விட்டாள்.

"ஒண்ணுமில்லடா கண்ணு. என்னைப் பாரு. என்னையே பாரு தங்கம்."

யாரோ புது டாக்டர் வந்திருக்கிறார் என்று நினைத்தாள். குரல் யாருடையது என்று கிளியின் பதிவைப் பார்த்தாள். மருத்துவர் அங்கயற்கண்ணி என்று இருந்தது.

கருவிகளின் பக்கத்தைத் திறந்தாள். ஆக்சிஜன் அளவு சரிந்துகொண்டிருந்தது. பி.பி. காட்டவே இல்லை. அதன் அருகே கிளி ஒரு குறிப்பு எழுதியிருந்தது: 'கருவி நழுவியிருக்கலாம். மருத்துவர் கூற்றே முடிவு.' அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. பிரசவம் முடிந்த கையோடு கருவிகள் நழுவுவது தினசரிக் கூத்து. ஆரம்பத்தில் அதை நம்பி வான்வண்டி ஊர் ஊராகச் சும்மா பறந்து இறங்கியதில் டாக்டர்கள் கொதித்துப்போய், எங்கள் வார்த்தையை நம்புவதானால் நம்பு, இல்லையென்றால் ஆளை விடு என்று சண்டை போட்டு வாங்கிய விதி அது.

தாயின் பேச்சைக் கிளி பதிவில் சேர்ப்பதில்லை. பிரசவ அறையில் 'செத்தேன்' என்று சொல்லாத பெண் உண்டா? அதையெல்லாம் எழுதினால் ஊரே செத்துப்போனதாகக் கணக்கு வரும். அதனால் தாயின் குரலை மட்டும் வடிகட்டிவிட்டிருந்தார்கள். ஜெசிந்தா வடிகட்டியை எடுத்துவிட்டாள்.

"டாக்டர், எனக்கு என்னமோ ஆகப்போவுது" என்றது செவ்வந்தியின் குரல். மூச்சு வாங்கியது, ஆனால் அழவில்லை, கத்தவில்லை. பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவள்போலச் சொன்னாள். "பாப்பாவ எங்கம்மாட்டக் குடுத்துருங்க."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுடா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

'தாயின் நிலை நன்று. மருத்துவர் மறுபடியும் உறுதி' என்று எழுதியது கிளி.

"முபாரக் சார், இங்க வாங்க. அங்கயற்கண்ணி டாக்டர் திட்டல."

"நல்லதுதானே? போன மாசம்தான் அந்தம்மா வாயைப் பத்தி ஒரு புகார் போச்சு. திருந்திட்டாங்க போல."

"சார், தங்கம்ங்கிறாங்க."

முபாரக் டீயைக் கீழே வைத்துவிட்டு வந்தார். போன வருஷம் ஒரு தடவை அந்த டாக்டர் ஒரு பெண்ணைக் 'கண்ணு' என்று கூப்பிட்டது அவருக்கும் நினைவிருந்தது. அந்தப் பெண் வீட்டுக்குத் திரும்பவில்லை. கடைசிவரைக்கும் கிளி 'நலம்' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தது.

"சரி, அப்படியே இருந்தாலும் அவங்க வாயால சொல்லிட்டா வண்டி கிளம்பிடுமே. ஏன் சொல்ல மாட்டேங்கிறாங்க?"

"எப்படி சார் சொல்வாங்க? அந்தப் பொண்ணு முழிச்சுக்கிட்டு இருக்கா. திரைக்கு அந்தப் பக்கம் அவ அம்மா நிக்குது. 'பி.பி. இல்ல, மூச்சு இறங்குது'ன்னு அவ காதுபடச் சொல்லுவாங்களா?"

அந்தப் பிரசவ அறையில் அது எழுதாத சட்டம். ராக்கம்மா என்ற மூத்த நர்ஸ் கொண்டுவந்தது. பெற்றவள் காதில் கெட்ட வார்த்தை விழக் கூடாது என்றால் அவருக்கு அர்த்தம் வசவு அல்ல. வசவு தாராளமாக விழலாம். 'போய்விடும்', 'நின்றுவிட்டது', 'கஷ்டம்', இந்த மாதிரிச் சொற்கள்தான் விழக் கூடாது. ஆபத்து என்றால் அங்கே எல்லாம் கண்ஜாடை, விரல்ஜாடைதான். கைகள் பேய்வேகத்தில் வேலை செய்யும், வாய் மட்டும் தாலாட்டும். ஊசி போடுகிறார்கள், ஆக்சிஜன் குழாயைத் திருப்புகிறார்கள், எல்லாம் சத்தமில்லாமல். இதைக் கிளிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கிளி எல்லாவற்றையும் கவனித்து இந்நேரம் வண்டியை அனுப்பியிருக்கும் என்று அவர்களும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஜெசிந்தா முறைப்படி கேள்வி அனுப்பினாள். அறையின் ஒலிபெருக்கியில் கிளி அதைப் படித்தது. "பதிவில் முரண்பாடு உள்ளது. தாயின் நிலையைத் தெளிவுபடுத்தவும்."

"தாயோட நிலைக்கு என்ன? நல்லாத்தான் இருக்கா" என்றார் டாக்டர், சிரிப்பை வரவழைத்துக்கொண்டு. கிளி கேள்வியை மூடிவிட்டது.

இப்போது நிலைமை முன்னைவிட மோசம். டாக்டரே பதில் சொன்னபிறகு அதற்கு எதிராகச் சிவப்புக் குறியீடு போடுவதைவிடப் பெரிய குற்றம் அந்த ஏழாவது மாடியில் கிடையாது. வண்டியும் மாவட்டத்துக்கு ஒன்றுதான். அது இப்போது வேறொரு ஊரில் இரட்டைக் குழந்தைக்காரி ஒருத்திக்காக வாசலில் காத்துக்கொண்டு நின்றது. இங்கே கூப்பிட்டால் அங்கே இல்லை. தன் காதை மட்டும் நம்பி ஒருத்தியிடமிருந்து எடுத்து இன்னொருத்திக்குக் கொடுப்பதா? ஆனால் பேசாமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் அவள்தான் பொறுப்பு.

டாக்டரின் காதுக்குள் மட்டும் கேட்கும் நேரடி இணைப்பைத் திறந்தாள். கருவிகளின் எண்களை மட்டும் வைத்துக் கிளி தன் அடிமனத்தில் சில ஊகங்களை வைத்திருக்கும். அவற்றைக் கோடர் பார்க்கலாம், நம்பக் கூடாது. முதல் ஊகம் ரத்தப்போக்கு.

"டாக்டர், நான் கோடிங்ல இருந்து ஜெசிந்தா. இது உங்களுக்கு மட்டும்தான் கேக்கும். ரத்தப்போக்கா?"

"ஏய், யாருடி நீ? அறிவிருக்கா உனக்கு? ரத்தம் போனா எனக்குத் தெரியாதா? வைடி போனை!" உடனே குரல் பூவாகிவிட்டது. "உன்னை இல்லடா தங்கம். இது வேற ஒரு எருமை. நீ என்னைப் பாரு."

திட்டு வாங்கி இவ்வளவு நிம்மதி அடைந்தவள் உலகத்தில் இருக்க மாட்டாள். தப்பு என்றால் அவர் திட்டுகிறார். அப்படியானால் கேட்க முடியும். கிளியின் இன்னொரு ஊகம் அடியில் கிடந்தது. பனிக்குட நீர் தாயின் ரத்தத்தில் கலந்துவிடும் நிலை. பல்லாயிரத்தில் ஒருத்திக்கு வருவது, வந்தால் மூச்சையும் இதயத்தையும் ஒரே அடியில் சாய்ப்பது, பிறகு ரத்தத்தை உறையவிடாமல் செய்வது.

"ஜெசி, வேண்டாம்" என்றார் முபாரக். "முதல்ல கேட்டதே தப்பு. நோயோட பேரை நீ சொன்னா அது ஊட்டிவிடுறது. அவங்க ஆமான்னு சொன்னாலே செல்லாது."

"ஆமான்னு சொல்ல மாட்டாங்க சார். இதை யாராலயும் அந்த நேரத்துல நிச்சயமாச் சொல்ல முடியாது. நிச்சயமில்லாததை அவங்க சொல்லவே மாட்டாங்க." இணைப்பில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "டாக்டர், பனிக்குடத் தண்ணி ரத்தத்துல கலந்திருக்குமோன்னு பயப்படுறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். தப்புன்னா என்னைத் திட்டுங்க. திட்டலைன்னா நான் சிவப்புக் குறியீடு போட்டுருவேன்."

ஹெட்போனில் ஆக்சிஜனின் இரைச்சல் கேட்டது. ஏதோ ஒரு தட்டு நகர்ந்தது. எங்கோ குழந்தை அழுதது. டாக்டர் அங்கயற்கண்ணி திட்டவில்லை.

ஜெசிந்தா விசையைத் தட்டினாள்.

'ஆதாரம் இல்லை. இரண்டாம் நபரின் ஒப்புதல் தேவை' என்றது கிளி. முபாரக் குனிந்து தன் கட்டைவிரலைத் திரையில் வைத்தார். 'ஆதாரம் குறிப்பிடவும்' என்று அடுத்த கட்டம் வந்தது.

"என்னம்மா எழுத?"

"உள்ளதை எழுதுங்க சார். டாக்டர் திட்டவில்லைன்னு எழுதுங்க."

எழுதினார். வண்டி கிளம்பியது.

அதற்குப் பிறகு நடந்ததை ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டாள். செவ்வந்தியின் குரல் நின்றுபோனது. அவள் நினைவு போனதும் டாக்டரின் 'கண்ணு'வும் 'தங்க'மும் நின்றன. ராக்கம்மா சிஸ்டர் நெஞ்சை அழுத்தி அழுத்தி எண்ணும் சத்தம் மட்டும் வந்தது. திரைக்கு அப்பால் ஒரு தாய் பெண்ணின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் மேலே காற்றைக் கிழிக்கும் இரைச்சல், படியில் தடதடவென்று காலடிகள், புதிய குரல்கள். "ரத்தம் எத்தனை பை இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். "வேணுங்கிற மட்டும் இருக்கு மேடம்" என்றது ஒரு குரல். ரத்தப்போக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது, மடை திறந்ததுபோல. ஆனால் அதற்கு முன்னால் ரத்தம் வந்து சேர்ந்திருந்தது.

ஷிப்ட் முடிந்தும் ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை. அவளைச் சுற்றி நாலைந்து பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். வெயில் தாழ்ந்து, ஜன்னலில் மலைக்கோட்டை மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்தபோது, எல்லோரும் கேட்கட்டும் என்று ஜெசிந்தா மேசையில் திறந்துவிட்டிருந்த ஒலிபெருக்கி வெடித்தது.

"ஏம்மா, வாயில இருக்கிற குழாயப் பிடுங்காத! கையில என்ன வேலை உனக்கு? சிஸ்டர், இவ கையப் பிடிங்க! கண்ணு முழிச்ச உடனே சேட்டையப் பாரு, கழுதைக்கு!"

ஏழாவது மாடி மொத்தமும் எழுந்து நின்று கத்தியது. முபாரக் நாற்காலியிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். ஜெசிந்தா வாய்விட்டு அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள்.

விசாரணை வராமல் இருக்குமா? வந்தது. தலைமை அதிகாரி பதிவைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆதாரம்: டாக்டர் திட்டவில்லை" என்று உரக்கப் படித்தார். யாரும் சிரிக்கவில்லை.

"அந்த இரட்டைப் பிரசவக்காரிக்கு உள்ளூர் டாக்டர்களே ஆபரேஷன் பண்ணிச் சமாளிச்சுட்டாங்க. சமாளிக்க முடியாமப் போயிருந்தா?"

"அந்தப் பழி என்மேலதான் சார். அதை நினைச்சாத் தூக்கம் வரல" என்றாள் ஜெசிந்தா.

அதிகாரி நல்ல மனிதர். சுலபமான வழியைக் காட்டினார். நோய்ப் பெயரை டாக்டர் முணுமுணுத்ததாகவும், கிளிக்குக் கேட்காமல் போனதாகவும் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் விஷயம் முடிந்தது. ஊரிலிருந்தே வீடியோ திரை வழியாக விசாரணைக்கு வந்திருந்த டாக்டர் அங்கயற்கண்ணியை ஜெசிந்தா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். ஒடிசலான, தூக்கம் கெட்ட கண்களுடைய சின்ன உருவம். இந்த உடம்பிலிருந்தா அந்தக் குரல் என்று இருந்தது.

"நான் முணுமுணுக்கல. நடக்காததை நான் எழுத மாட்டேன்" என்றார் டாக்டர். பிறகு விசாரணை நடந்த அன்றைய தேதியையே போட்டுப் பதிவில் எழுதினார். 'எனக்குச் சந்தேகம் இருந்தது. தாய் கேட்டுக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை. கோடர் கேட்டபோது மறுக்கவும் இல்லை.' கீழே கையெழுத்துப் போட்டார். சட்டப்படி அது ஆவணம். ஜெசிந்தாவை எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

செவ்வந்தியும் சாட்சி சொல்ல வந்திருந்தாள், குழந்தையோடு. டாக்டர் உன்னிடம் என்ன சொன்னார் என்று அதிகாரி கேட்டார்.

"எல்லாம் நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க. ஆனா நான் நம்பலைங்க. காலையிலேர்ந்து கழுதை எருமைன்னு திட்டுனவங்க, தங்கம்னு சொன்ன உடனே நமக்குச் சங்குதான்னு தெரிஞ்சுபோச்சு. பாவம், அவங்க மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு நம்புன மாதிரி தலையாட்டுனேன்."

டாக்டர் திரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பொய்யை அன்று அந்த அறையில் நம்பியது கிளி ஒன்றுதான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பொறியாளர்கள் சும்மா இருப்பார்களா? டாக்டர்களின் குரல் திடீரென்று கனிந்தால் எச்சரிக்கை கொடுக்கும்படி கிளிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். செவ்வந்தியும் தன் பங்குக்கு ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். கருங்காட்டுப்பட்டியில் பிரசவத்துக்கு வருகிற பெண்கள் வலியோடு வலியாக, "டாக்டர், ஏன் பேசாம இருக்கீங்க? ஏதாவது திட்டுங்களேன்!" என்று கெஞ்ச ஆரம்பித்தார்கள். டாக்டர் ஒருநாள் நேரடி இணைப்பில் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்.

"மருந்தே இல்லாத நேரத்துக்குன்னு என்கிட்ட ஒரு மருந்து இருந்துச்சு. அதையும் பிடுங்கிட்டீங்க. இனிமே எவளையாவது தங்கம்னு சொன்னா அவ அந்த நிமிஷமே செத்துருவா. கெட்டது நடக்கிறப்பவும் நான் திட்டித்தான் ஆகணும்."

இனிமேல் அந்தத் திட்டையும் நம்ப முடியாது என்ற பயம் அன்றிலிருந்து ஜெசிந்தாவைப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பயம் ஒரு மழைநாளில் எதிரே வந்து நின்றது. பிரசவம் முடிந்து, கிளி 'தாயும் சேயும் நலம்' என்று எழுதியிருந்தது. டாக்டர் திட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது ரகம், அதிலும் இதுவரை கேட்காத புதுச் சரக்கு, மூச்சு விடாமல். இவ்வளவு அருமையான திட்டை ஜெசிந்தா கேட்டதே இல்லை. அந்த அருமைதான் அவளுக்கு இடித்தது. பி.பி. கருவி ஒன்றும் காட்டவில்லை. நழுவியதா, இல்லை நிஜமா? வடிகட்டியை எடுத்துப் பார்த்தாள். அந்தப் பெண் முனகினாள், அவ்வளவுதான். சிவப்புக் குறியீட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இணைப்பில் கிசுகிசுவென்று ஒரு குரல் வந்தது.

"ஜெசிந்தா, இருக்கியா?"

"இருக்கேன் டாக்டர்."

"இது நிஜத் திட்டுதான். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பி.பி. கருவியக் காலால உதைச்சுத் தள்ளிட்டா, அதுக்குத்தான் திட்டுறேன். நீ போய்ச் சாப்பிடு."

சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தார். ஜெசிந்தா சுகப்பிரசவத்தை ஒத்துக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.